ஓம் என்பது எத்தனை எழுத்து

எங்கள் வீட்டில் பைபர் என்றால் போட், மீன்பிடிப் படகு. உடைந்த பைபர் போட்டுகளுக்குப் பிசின் பூசி ஒட்டுவது என் தொழில். துறைமுகப் பக்கத்தில் எந்தப் போட்டின் அடியிலாவது இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தால், அவை பெரும்பாலும் என்னுடையவையாக இருக்கும். ஆகவே பக்கத்து வீட்டு மச்சான் மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, "எங்கட வீட்டுக்கும் பைபர் வந்திட்டுது" என்று சொன்னபோது, மனுசன் போட் வாங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

மச்சான் என் மனைவியின் தமையன். மோட்டர் கட்டுகிறவர், அதாவது எரிந்துபோன தண்ணீர்ப் பம்பு மோட்டர்களுக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றுகிறவர். கடலில் முழங்காலுக்கு மேல் இறங்க மாட்டார். லிங்கநகரில் அவர் வீட்டு முற்றத்தில் ஒரு போட்டை நிறுத்த இடமும் இல்லை. எங்கே வைத்திருக்கிறார் என்று கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. கடைக்குப் போகும்போதெல்லாம் அவருடைய கேற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு போனேன். கடைசியில் மனைவிதான் சொன்னாள், அது இன்டர்நெட் வயர் என்று.

"வாயைத் துறந்து கேட்டிருந்தா அண்டைக்கே தெரிஞ்சிருக்கும். உங்களுக்கு வாய் என்னத்துக்கு, சோறு சாப்பிட மட்டுமோ?"

"ஓம்," என்றேன்.

நான் அதிகம் கதைப்பதில்லை. யாராவது ஏதாவது கேட்டால் ஓம் என்று சொல்லிவிட்டால் கதை அதோடு முடிந்துவிடும். இல்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், அதற்கும் பதில் சொல்ல வேண்டும். மச்சானுக்கு இது பெரிய பகிடி. கலியாணம் முடிந்த நாளிலிருந்து என்னை எப்படியாவது நாலு வசனம் கதைக்க வைத்துவிட வேண்டும் என்று அவர் பாடுபட்டு வருகிறார். ஒருமுறை என் சைக்கிளை ஒளித்து வைத்தார். நான் அந்தக் கிழமை முழுக்க நடந்து போய் வந்தேன். அவரே களைத்துப்போய்த் திருப்பித் தந்தார்.

இப்படியிருக்க என் மகளுக்கு ஒரு வேலை தகைந்து வந்தது. ஹோட்டல்களுக்கு வருகிற வெளிநாட்டுக்காரரின் கேள்விகளுக்குக் கொம்பியூட்டரில் பதில் எழுதுகிற வேலை. கொழும்பில் இருக்கிற கந்தோர், ஆனால் வீட்டிலிருந்தே செய்யலாம். ஒரேயொரு நிபந்தனை. திங்கட்கிழமை காலை அவர்கள் வீடியோவில் வந்து அவளோடு கதைத்துப் பார்ப்பார்கள். போனில் வரக்கூடாது, கொம்பியூட்டரில்தான் வர வேண்டும், இடையில் லைன் அறவும் கூடாது. அறுந்தால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். மகள் அதற்கு முன்பு இரண்டு வேலைகளைக் கொழும்பில் போய்த் தங்க விருப்பமில்லாமல் விட்டவள். இது மூன்றாவது. இதுவும் போனால் கொழும்புக்குப் போகத்தான் வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வீட்டில் ஒரு பழைய கொம்பியூட்டர் இருந்தது. அதில் கமரா இருந்தது, வைஃபை இல்லை. மச்சான் தன்னுடைய இன்டர்நெட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னார். மதிலுக்கு மேலால் வயர் இழுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், வயர் இழுத்தால் அடுத்த நாள் குரங்குகள் அதில் ஊஞ்சல் ஆடும். மதிலைத் துளைக்க மச்சானின் மனைவி சம்மதிக்கவில்லை. அப்போதுதான் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஆகவே கொம்பியூட்டரில் செருகுகிற வைஃபை அடப்டர் ஒன்று வாங்கிப் பூட்டுவது என்று முடிவானது.

"அப்பா, நீங்கள் பூட்டுவீங்களோ? நானும் அம்மாவும் ஞாயிற்றுக்கிழமை சல்லிக் கோயிலுக்குப் போறம், நேர்த்திக்கடன் ஒண்டு கிடக்கு. உங்களுக்கு ஏலுமோ?"

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எழுதத் தேவையில்லை.

டவுனில் கடைக்காரப் பெடியன் கண்ணாடி அலுமாரியிலிருந்து இரண்டு அடப்டர்களை எடுத்து வைத்தான். ஒன்று விரல் நகம் அளவு. மற்றது அன்டெனாவோடு, காது நிமிர்த்திய முயல்போல இருந்தது.

"அங்கிள், அன்டெனா உள்ளதோ இல்லாததோ?"

"ஓம்."

"இல்லை அங்கிள், எது வேணும்?"

"ஓம்."

அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "ரவுட்டர் தூரத்திலயோ?"

இதற்கு ஓம் பொருத்தமாக இருந்தது. சொன்னேன். அவன் முயலைப் பெட்டியில் போட்டுத் தந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மகளும் மனைவியும் பஸ் ஏறிய பிறகு வேலையைத் தொடங்கினேன். செருகுவது பெரிய காரியமல்ல, துளையைப் பார்த்துச் செருகினேன். முயல் பச்சைக் கண்ணைச் சிமிட்டியது. கொம்பியூட்டர் மட்டும் அதைக் கண்டுகொள்ளவில்லை. பெட்டிக்குள் சின்ன சீடி ஒன்று இருந்தது. அதைப் போட்டால்தான் கொம்பியூட்டருக்கு முயலை அடையாளம் தெரியும் என்று கடைக்காரன் சொல்லி அனுப்பியிருந்தான். சீடித் தட்டு வெளியே வர மறுத்தது. பிசின் வழிக்கிற தகட்டால் மெதுவாக நெம்பினேன், வந்தது.

சீடி ஓடத் தொடங்கியதும் ஒரு பெட்டி திரையில் வந்தது. அதில் இருந்தது முழுக்கச் சீன எழுத்து. எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. இங்கிலீஷ் எழுத்துகளைப் போட்டுகளின் பதிவு நம்பரிலும் பிசின் தகரத்திலும் பார்த்துப் பழகியவன். ஒரு சொல்லை எழுத்துக் கூட்டிப் பிடித்துவிடுவேன். சீனத்துக்கு என்ன செய்ய? கீழே இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்றைச் சுற்றித் தடித்த கோடு போட்டிருந்தது. கொம்பியூட்டருக்கு விருப்பமான பதில் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்து அதையே அழுத்தினேன். அடுத்த பெட்டி வந்தது, அதிலும் தடித்த கோடு. அழுத்தினேன். இது எனக்கேற்ற இயந்திரம். கேட்பது என்னவென்று விளங்காவிட்டாலும் ஓம் ஓம் என்று போய்க்கொண்டே இருக்கலாம்.

எத்தனையோ ஓம்களுக்குப் பிறகு பெட்டிகள் வருவது நின்றது. திரையின் மூலையில் ஒரு பண்டாக் கரடி வந்து உட்கார்ந்து மூங்கில் தின்னத் தொடங்கியது. எந்த ஓமுக்கு அது வந்ததென்று தெரியவில்லை. இன்றைக்கும் அங்கேதான் தின்றுகொண்டிருக்கிறது. ஆனால் வைஃபை அடையாளமும் வந்துவிட்டது. அழுத்தியதும் ஒழுங்கையில் இருக்கிற எல்லா வைஃபைகளின் பெயர்களும் வரிசையாக விழுந்தன.

இத்தனை வருசம் ஒரே ஒழுங்கையில் இருந்தும் எனக்கு இது தெரியாது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஒருவர் "சும்மா தரமாட்டன்" என்று வைத்திருந்தார். இன்னொருவர் "முதல்ல வணக்கம் சொல்லு" என்று வைத்திருந்தார். ஒரு வீட்டுக்காரர் வெறுமனே "போ" என்று வைத்திருந்தார், அது யாரென்று எனக்கு உடனே விளங்கியது. நான் தனியே இருந்து சிரித்தேன். கடைசியில் இருந்தது "மச்சான் கதை."

மச்சானின் கதை என்றும் எடுக்கலாம். மச்சானே, வாயைத் திறந்து கதை என்றும் எடுக்கலாம். சுவருக்கு இந்தப் பக்கம் ஒருவன் என்றாவது இதை வாசிப்பான் என்று நினைத்துத்தான் வைத்திருக்கிறார்.

அதை அழுத்தினேன். பாஸ்வேர்ட் கேட்டது.

மதிலடிக்குப் போனேன். அங்கே கவிழ்த்து வைத்திருந்த பிசின் தகரத்தில் ஏறி நின்றால் அந்தப் பக்கம் தெரியும். மச்சான் ஒரு மோட்டரைக் குடல் உருவிக்கொண்டிருந்தார்.

"மச்சான்," என்றேன்.

"ஆரது? காகமோ?"

"பாஸ்வேர்ட்."

அவர் கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்தார். இந்த நேரத்துக்காகவே காத்திருந்தவர் மாதிரி இருந்தது அவர் முகம். "அது உன்ரை சொல்லுத்தான் மச்சான். கலியாணத்துக்குப் பிறகு நீ எனக்குச் சொன்ன ஒரேயொரு சொல்லு."

"ஓம்?"

"ஓம்."

"ஓமோ?"

"ஓமெண்டுறன்."

நான் கேட்டதற்கு ஓம் என்கிறாரா, பாஸ்வேர்ட் ஓம் என்கிறாரா என்று ஒரு நிமிசம் குழம்பினேன். இரண்டும் ஒன்றுதான் என்று விளங்கியதும் உள்ளே போய் ஓ, எம் என்று அடித்தேன். கீழேயிருந்த பொத்தான் அழுத்த விடவில்லை. திரும்பவும் தகரத்தில் ஏறினேன்.

"சின்னனாம்," என்றேன்.

"எட்டு எழுத்தாவது வேணும். நீ ஒருதரம் ஓம் சொல்லி நிறுத்துற ஆளோ?"

நாலு ஓம் அடித்தேன். பொத்தான் விட்டது. முயல் பச்சைக் கண்ணைச் சிமிட்டியது. பிறகு பிழையென்று வந்தது. ஐந்து ஓம் அடித்தேன், அதுவும் பிழை. பெரிய எழுத்தில் அடித்தேன். திரும்பிப் போனேன்.

"பிழையாம்."

"சொல்லு சரி, எழுத்துப் பிழை," என்றார் மச்சான். கதிரையில் சாய்ந்து காலை ஆட்டினார். "இதைவிட எனக்குச் சொல்ல ஏலாது. வேணுமெண்டா இஞ்ச வந்திருந்து கதை. தேத்தண்ணி தரலாம்."

குசினிக்குள்ளிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "பிள்ளையின்ரை வேலை விசயம். அதுக்குள்ளயும் உங்கட பகிடியோ?"

"நீ சும்மா இரு. நாளைக்குக் காலமைக்குள்ள சொல்லத்தானே போறன்."

சொல்வார் என்பது எனக்கும் தெரியும். ஆனால் மகள் பின்னேரம் கோயிலால் வந்து முதலில் கேட்கப் போவது, "அப்பா, சரி வந்திட்டுதோ?" என்றுதான். அதற்கு ஓம் என்று சொல்ல வேண்டும். இந்த ஒரு ஓமைப் பொய்யாகச் சொல்ல ஏலாது.

தகரத்தில் நின்றபடியே அவருடைய மேசையைப் பார்த்தேன். மோட்டர்களைச் சோதிக்கிற பழைய மீட்டர் அங்கே கிடந்தது. எத்தனையோ முறை அதை அவருக்காகப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். முள் அசையும்போது மச்சான் வாசிப்பார்: நாலு ஓம், ஐந்து ஓம். முதல்முறை அவர் அப்படிச் சொன்னபோது, என்னைத்தான் நக்கல் அடிக்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, கரண்டுக்கு வருகிற தடையை அளக்கிற அளவுக்குப் பெயரே ஓம் என்று. மீட்டரின் முகத்தில் முள்ளுக்குக் கீழே இங்கிலீஷில் எழுதியிருக்கும். ஓவுக்கும் எம்முக்கும் நடுவில் ஒரு எச்.

என்னுடைய ஓம் வழி விடுகிற ஓம். அவருடையது மறிக்கிற ஓம். தகரத்திலிருந்து சத்தமில்லாமல் இறங்கினேன். எச் போட்டு மூன்று தரம் அடித்தேன். திறந்தது.

மச்சானுக்கு நான் சொல்லவில்லை. பின்னேரம்வரை அவர் மதிலைப் பார்த்துப் பார்த்துக் காத்திருந்தார். மகள் வந்து கேட்டாள். ஓம் என்றேன்.

திங்கட்கிழமை காலை மகள் தலை வாரி இழுத்து, நல்ல சட்டை போட்டு, கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தாள். கொழும்புக்காரர் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. கொஞ்சம் பிந்தும் என்று செய்தி வந்தது. மச்சான் மகளுக்குக் கொடுத்த ஒரு வாக்கை ஒழுங்காகக் காப்பாற்றியிருந்தார்: சொன்ன நேரம் முடியும்வரை மோட்டர் ஓடவிடுவதில்லை. அவர் பெரிய மோட்டரைப் போட்டால் அவர் வீட்டு மெயின் சுவிட்ச் விழுந்துவிடும். வீட்டுக் கரண்ட் எல்லாம் நிற்கும், ரவுட்டரும் சேர்த்து. ஆனால் நேரம் பிந்தியது அவருக்குத் தெரியாது.

மகள் இங்கிலீஷில் கதைக்கத் தொடங்கினாள். திரையில் ஒரு அம்மா கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன். அப்போது அடுத்த வீட்டு முற்றத்தில் லான்ட்மாஸ்டர் உழவு மெஷின் ஒன்று வந்து நிற்கிற சத்தம் கேட்டது. வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டர் ஒன்றை இரண்டு பேர் இறக்கினார்கள். கன்றுக்குட்டி அளவு மோட்டர்.

ஓடிப்போய்த் தகரத்தில் ஏறினேன். மச்சான் வயரை மாட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"மச்சான்," என்றேன்.

கேட்கவில்லை. லான்ட்மாஸ்டர் இன்னும் இரைந்துகொண்டிருந்தது. கை சுவிட்சுக்குப் போனது.

"இல்லை மச்சான், இல்லை!"

அந்தச் சத்தம் எங்கிருந்து வந்ததென்று எனக்கே விளங்கவில்லை. மதிலில் இருந்த குரங்கொன்று பாய்ந்து ஓடியது. இறக்கிய இரண்டு பேரும் கையை மேலே தூக்கினார்கள். மச்சான் சுவிட்சிலிருந்து கையை எடுத்து, என்னைப் பார்த்தபடி அப்படியே நின்றார். அவருடைய மனைவி குசினியால் ஓடி வந்து, "ஆருக்கு என்ன?" என்றார்.

உள்ளே மகளின் குரலும் நின்றுவிட்டது. போய்விட்டது, எல்லாம் என்னால்தான் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு கொழும்பு அம்மா ஏதோ கேட்பதும், மகள் பதில் சொல்வதும், இருவரும் சிரிப்பதும் கேட்டது. கதைத்து முடிந்த பிறகு மகள் சொன்னாள்: "பின்னுக்குச் சத்தம் போட்டது ஆரெண்டு கேட்டா. அப்பாவெண்டன். எப்பவும் இப்பிடியோ எண்டா. இல்லை மிஸ், அப்பா கதைக்கிறதே இல்லை எண்டன். நம்பேல்லை."

"வேலை?" என்றாள் மனைவி.

"அடுத்த கிழமை தொடங்கட்டாம்."

அன்று பின்னேரம் மகள் திரும்பவும் கொம்பியூட்டரைப் போட்டபோது இன்டர்நெட் இல்லை. முயல் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது, பண்டா தின்றுகொண்டிருந்தது. பெயர்களைப் பார்த்தோம். "மச்சான் கதை"யைக் காணவில்லை. அந்த இடத்தில் புதிதாக ஒன்று இருந்தது: "மச்சான் கதைச்சிட்டான்."

மகள் சிரித்துச் சிரித்து மேசையில் தலையை வைத்தாள். பாஸ்வேர்டும் மாறியிருந்தது, ஆனால் நான் தகரத்துக்குப் போகவில்லை. நான் கத்தியது அவருக்கு இனிச் சாகும்வரை போதும், அதைவிட்டு வேறொன்றை வைத்திருக்க மாட்டார். நடுவில் மச்சானைப் போட்டு, இரண்டு பக்கமும் இல்லையை அடித்தேன். மச்சானுக்கு எத்தனை எழுத்தென்பதைத் திரையிலிருந்த பெயரைப் பார்த்துப் போட்டேன். திறந்தது.

 மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து மச்சானின் குரல் வந்தது. அவரால் பொறுக்க முடியவில்லை.

"மச்சான், லைன் வந்திட்டுதோ?"

மகள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு முன்னால் திரையில் எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

"இல்லை," என்றேன் நான்.

"என்ன இல்லையோ? பாஸ்வேர்ட் பிழையோ?"

"இல்லை."

அவருடைய கேற் திறக்கிற சத்தம் கேட்டது. மீட்டரையும் கையில் எடுத்துக்கொண்டு, ஒழுங்கையைச் சுற்றி எங்கள் வீட்டுக்கு ஓடி வந்துகொண்டிருந்தார்.