பின்வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர்

நான் வளர்ந்தது தஞ்சாவூருக்கு வெளியே ஓர் அரிசி மில்லின் லைன் வீட்டில். வேலையாட்களுக்காக முதலாளி கட்டிவிட்ட ஓட்டு வீடுகள், இரண்டு வரிசை. ஒன்று, எங்கள் வரிசை, நெல் காய்கிற களத்தைப் பார்த்திருக்கும், மற்றது வாய்க்காலைப் பார்த்திருக்கும். இரண்டுக்கும் முதுகுப்பக்கம் ஒரே மண்சுவர். அதனால் எந்த வீட்டுக்கும் கொல்லை கிடையாது, பின்பக்கம் ஜன்னல் கிடையாது. ஒரே அறை, அதன் மூலையில் அடுப்பு. புகை வாசல் வழியாகத்தான் வெளியே போக வேண்டும்.

அப்பாவுக்கு நெல் அவிக்கிற இடத்தில் அடுப்புக்கு உமி தள்ளுகிற வேலை. அவித்த நெல்லை அம்மா களத்தில் பரப்பி, வெயிலில் காலால் கிளறிவிடுவாள். அவள் பாதங்கள் எப்போதும் வெடித்திருக்கும். மெழுகை உருக்கி வெடிப்பில் ஊற்றும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணியை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். உறவு ஒன்றும் இல்லை. அவரும் அம்மாவும் சுவர் வழியாகவே பேசிக்கொள்வார்கள். "அக்கா, கொழம்பு இருக்கா?" என்று அம்மா கேட்டால், "பாப்பாவ சுத்தி வரச்சொல்லு" என்று பதில் வரும். வரிசை முழுக்க நடந்து நான் கிண்ணத்தோடு போவேன்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது அப்பாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. உமித்தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது என்றார் டாக்டர். அதே வருஷம் முதலாளி இறந்துபோனார். பிள்ளைகள் மில்லை மூடி, இடத்தை பிளாட் போடுகிற ஒருவருக்கு விற்றார்கள். எல்லோரும் காலி செய்ய வேண்டும் என்றார்கள். பெரியம்மா குடும்பமும் மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். எங்களால் முடியவில்லை. வாடகைக்குக் கேட்டுப் போன இடத்திலெல்லாம், அப்பா இருமுவதைக் கேட்டதும் வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள்.

கடைசியில் அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். அப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டு என்னை மட்டும் கூட்டிக்கொண்டு வீடு பார்க்கப் போனாள்.

"உங்க வீட்டுக்காரரு என்ன பண்றாரு?" என்று அந்த வீட்டம்மா கேட்டார்.

"திருப்பூர்ல பனியன் கம்பெனியிலங்க."

அவர் என் பக்கம் திரும்பி, "அப்பா எப்ப வருவாரு பாப்பா?" என்றார்.

"தீபாவளிக்கு" என்றேன். அதை அம்மா சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் என் தோளைப் பிடித்திருந்த கை ஒருகணம் இறுகியது.

வீட்டம்மா வீடு தர ஒத்துக்கொண்டார். உள்ளே போய்விட்டால் யாரும் விரட்டமாட்டார்கள் என்று அம்மா நம்பினாள். பாத்திரங்களோடு அப்பாவையும் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றினோம். தெரு நெடுக அவர் இருமிக்கொண்டே வந்தார். அந்த அம்மா வாசற்படியில் வந்து நின்றார்.

"டி.பி. இல்லீங்க. உமித்தூசி. ஆஸ்பத்திரியிலேயே சொல்லிட்டாங்க" என்றாள் அம்மா.

"எனக்கும் புள்ளைங்க இருக்கும்மா."

அதே ரிக்‌ஷாவில் திரும்பினோம். அப்பா யார் முகத்தையும் பார்க்கவில்லை. மடியில் இருந்த அரிசிப் பானையைக் கீழே விழாமல் பிடித்துக்கொள்வது ஒன்றே வேலை என்பதுபோல் பிடித்திருந்தார்.

அதற்குள் வாய்க்கால் பக்கத்து வரிசையை இடிக்கத் தொடங்கியிருந்தார்கள். நாங்கள் இருந்ததால் பொதுச்சுவரை மட்டும் விட்டுவைத்தார்கள். நான் சுற்றிப் போய்ப் பார்த்தேன். எங்கள் சுவரின் மறுபக்கம், நீலச் சுண்ணாம்பு அடித்து, மேலே கூரையில்லாமல் வெட்டவெளியில் நின்றது. பெரியம்மா வீட்டு விளக்கு மாடத்தில் எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது. வெயில் படவே கூடாத ஒன்றில் வெயில் பட்டதுபோல் எனக்கு இருந்தது. மின்சாரத்தையும் நிறுத்திவிட்டார்கள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. உள்சுவராக எழுப்பிய மண்சுவர், மழையைத் தாங்குமா? அம்மா உரச்சாக்குகளைத் தைத்து வெளிப்பக்கம் தொங்கவிட்டாள். காற்று அதைக் கிழித்தது. மறுபடி தைத்தாள். காவலுக்கு இருந்த ஆளிடம் ஒரு தார்ப்பாய் கேட்டாள். "குடுத்தா நீங்க போகமாட்டீங்கம்மா" என்றார் அவர். உள்ளே சுவரைத் தொட்டால் விரல் பதிந்தது. அம்மா அப்பாவின் கட்டிலை வாசல் பக்கம் நகர்த்திவிட்டு, போவதும் வருவதுமாகச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் காலையில் நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். சுவர் வயிறு தள்ளியதுபோல் உப்பியது.

"கட்டிலப் புடிடி" என்றாள் அம்மா.

கட்டில் வாசலில் நுழையாது. அப்பாவைப் போர்வையோடு தரையில் இறக்கி, ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தோம். களத்துச் சிமெண்டுத் தரைக்கு வந்து திரும்பினால், ஓடுகள் சரியத் தொடங்கியிருந்தன. சத்தம் அடங்கியபோது வீட்டின் முன்சுவர் மட்டும் நின்றது. அதன் வாசல் வழியே வாய்க்கால் தெரிந்தது.

மழை நிற்கவில்லை. அப்பாவின் தலைக்கு மேல் நான் அலுமினியத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்னைய அங்கயே விட்டுருக்கலாம்ல" என்றார் அப்பா.

அம்மா அவர் முகத்தைத் துடைத்தாள். "விட்டுருக்கலாந்தான்" என்றாள். "நாளைக்கு இவ கேட்டா நான் என்ன சொல்றது?"

சாலையில் போன யாரோ சொல்லி, பெரியம்மா ஓர் ஆட்டோவோடு வந்தார். அப்பாவின் கைக்கு அடியில் தோள் கொடுத்து ஏற்றினார். அவர் குடியிருந்த இடமும் ஒற்றை அறைதான். வீட்டுக்காரரிடம், "எங்க சித்தப்பா மவன், ரெண்டு நாள்ல போயிருவாரு" என்றார். நாங்கள் எல்லோரும் கால் நீட்ட இடமில்லாமல் அங்கே கிடந்தோம். அப்பா இருமல் வரும்போதெல்லாம் துண்டை வாயில் திணித்துக்கொள்வார், வெளியே கேட்டுவிடக் கூடாது என்று. அடக்கி அடக்கி அவர் கண்கள் சிவந்துபோகும்.

மழைக்காலம் முடிவதற்குள் அவரைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கேயே இறந்துபோனார்.

உடலை வண்டியில் ஏற்றியதும் டிரைவர் கேட்டார்: "எந்த வீட்டுலம்மா எறக்கணும்?"

"நம்ம வாசல்ல எறக்கு, அவுங்க என்ன சொல்றாங்கன்னு நான் பாத்துக்கறேன்" என்றார் பெரியம்மா.

"வேணாங்க்கா. அவுங்க உங்களையும் வெளிய அனுப்பிருவாங்க" என்றாள் அம்மா. பிறகு டிரைவரிடம், "நேரா சுடுகாட்டுக்கே போயிருங்க தம்பி" என்றாள். ஆஸ்பத்திரிக் குழாயில் முந்தானையை நனைத்து வந்து அப்பாவின் முகத்தையும் பாதத்தையும் துடைத்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்த சடங்கு.

தை அறுவடை முடிந்து மில்கள் ஓடத் தொடங்கியதும் அம்மா இன்னொரு மில்லில் களத்து வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயும் லைன் வீடுதான் கொடுத்தார்கள். சாவியை வாங்கிக்கொண்டாள். வேறு எங்கே போவது? பத்தாவது முடிக்கும்வரை நான் அந்த அறையில்தான் படித்தேன்.