தொட்டியில் தங்கிப்போவது

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கடல் தொட்டி இருக்கிறது. ஒடுகத்தூரில் வேறெந்த வீட்டிலும் நான் அப்படியொன்றைப் பார்த்ததில்லை என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடித் தொட்டி, அதில் உப்பு கரைத்த நீர், பாறைகள், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள், பாறையின் மேல் ஒரு பவளம். மோதிரத்தில் பதிக்கும் பவளத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது பச்சை நிறத்தில் விரல் விரலாக நீட்டி, ஓடும் நீரில் அசைந்துகொண்டிருக்கும் உயிர். விளக்கைப் போட்டால் விரியும். நீர் பிடிக்காவிட்டால் உள்ளே சுருங்கிக்கொள்ளும். வெளியே வெறும் எலும்பு தெரியும்.

என் கணவர் துபாயில் ஒரு ஓட்டலில் ஏசி மெக்கானிக்காக இருந்தார். அங்கே வரவேற்பறையில் இப்படியொரு தொட்டி இருந்ததாம். வேலை முடிந்ததும் அதன் முன்னால்தான் நிற்பாராம். ஊர் திரும்பியதும், மாடி எடுப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, சென்னைக்குப் போய்த் தொட்டியோடு வந்தார். "ஏரியில தண்ணி இல்ல, இவன் வூட்ல கடல் வச்சிகினு கீறான்" என்று தெருவில் கேலி பேசினார்கள். பேசியவர்களே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டும் போனார்கள்.

நான் பள்ளி ஆய்வகத்தில் உதவியாளர். சோதனைக் குழாய் எனக்குப் புதிதல்ல. அதனால் நீரைச் சோதிக்கும் வேலை ஆரம்பத்திலேயே என்னிடம் வந்துவிட்டது. மீன் தின்றது, கழித்தது, தின்னாமல் விட்டு அழுகியது எல்லாம் கடைசியில் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் நீரில் தங்கிவிடும். கடல் பெரியது, அதைத் தாங்கிக்கொள்ளும். தொட்டிக்கு அந்த வழி இல்லை. நாம்தான் எடுத்து வெளியே கொட்ட வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை குழாயில் நீரெடுத்து மருந்து விட்டுக் குலுக்கி, வெள்ளைத் தாளின் எதிரே பிடித்து நிறம் பார்ப்பேன். நைட்ரேட் கூடினால் இளஞ்சிவப்பு அடர்த்தியாகும். பாஸ்பேட் கூடினால் நீலம். இரண்டும் மங்கலாக இருந்தால் அவர் அன்று முழுக்க விசிலடித்துக்கொண்டிருப்பார்.

பிறகு அவருடைய சிறுநீரகம் இரண்டும் செயலிழந்தன. வேலூருக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருவது எங்கள் வாழ்க்கையாயிற்று. ஆஸ்பத்திரியில் உணவு பற்றி விளக்கிய பெண் என்னைத் தனியே உட்காரவைத்து, பொட்டாசியம், பாஸ்பரஸ் என்று சொல்லிக்கொண்டே போனாள். பால், தயிர், பருப்பு, வேர்க்கடலை, கேழ்வரகு எல்லாம் அளவோடு. சிலது கிட்டவே வரக் கூடாது. ரத்தத்தில் சேரும் பாஸ்பரஸை அந்தச் சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது என்றாள். பஸ்ஸில் திரும்பும்போது இதை அவரிடம் சொன்னேன்.

"அப்போ உனுக்கு ரெண்டு தொட்டி" என்றார். "கூடத்துல ஒண்ணு, கட்டில்ல ஒண்ணு. ரெண்டுத்துக்கும் சேத்து மருந்து வாங்கினா தள்ளுபடி குடுப்பானா கேளு."

நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

வாளி தூக்க அவரால் முடியாமல் போனதும் தொட்டி வேலை முழுவதும் என் கைக்கு வந்தது. அவர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குத் தரக் கூடாதவை அத்தனை இருந்ததால், தரக்கூடிய அந்த ஒன்றையாவது சரியாகத் தர வேண்டும் என்று நினைத்தேன். அவர் கண் முன்னால் அந்தப் பவளம் விரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

டயாலிசிஸ் நாட்களில் வீட்டில் துணைக்கு அவருடைய அக்கா வந்து தங்கினார். அமிர்திப் பக்கம் ஊர். கணவரை இழந்தவர். தம்பியைத் தூக்கி வளர்த்தவர். வரும்போதெல்லாம் கை நிறையக் கொண்டுவருவார். எருமைத் தயிர், அவித்த வேர்க்கடலை, எள்ளுருண்டை. நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, "இது ஆகாதுங்க அண்ணி" என்பேன்.

"எள்ளு கூடவா?"

"எள்ளு ரொம்பவே ஆகாது."

"அப்போ இன்னாத்ததான் துன்றான்? காத்தா?"

கடைசியில் வெறும் முருங்கைக்காய் கொண்டுவந்தார். அதிலும் பொட்டாசியம் என்றேன். பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கொல்லைப்புறம் போனார்.

இந்தச் சமயத்தில்தான் தொட்டியில் நிறம் ஏறத் தொடங்கியது. முதலில் கண்ணாடியில் பழுப்புப் படலம். பிறகு பாறையின் மேல் தலைமயிர் போலப் பச்சைப் பாசி. குழாயில் நீலம் மை போல இருந்தது. பவளத்தின் விரல்கள் பாதிதான் வெளியே வந்தன.

நான் முறைப்படி ஒவ்வொன்றாகத் தேடினேன். முதல் சந்தேகம் எங்கள் போர் தண்ணீர் மேல். சுற்றிலும் நெல்லும் கடலையும். யூரியாவும் டிஏபியும் போடுகிறார்கள். மழை பெய்தால் அது நிலத்தடி நீரில் இறங்கும். வடிகட்டியை மாற்றினேன். வடிகட்டிய நீரைத் தனியே சோதித்தேன், சுத்தமாக இருந்தது. உப்பைச் சோதித்தேன். மீன் தீனியைப் பாதியாகக் குறைத்தேன். பாஸ்பேட்டை உறிஞ்சும் துருநிறக் குருணையைப் புதிதாக வாங்கிப் போட்டேன். இரண்டு நாள் இறங்கும், மறுபடி ஏறும். வேலூர் போய்வந்த மறுநாள் சோதித்தால் எப்போதும் அதிகம். நாங்கள் இல்லாதபோது மின்சாரம் போய் மோட்டார் நின்றுவிடுகிறதோ என்று அண்ணியிடம் கேட்டேன்.

"கரண்டெல்லாம் நல்லாத்தான் கீது. நான்தான் இங்கியே குந்திகினு கீறனே" என்றார்.

ஒருநாள் என் கணவருக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிட்டதால் டயாலிசிஸைப் பாதியில் நிறுத்தி அனுப்பிவிட்டார்கள். வழக்கமான நேரத்துக்கு வெகு முன்பே வீட்டுக்கு வந்தோம். ஆட்டோவிலிருந்து அவரை இறக்கி, கதவைத் தள்ளினேன். அண்ணி தலைக்குக் குளித்து, ஈர முடியை முடிந்துகொண்டு, தொட்டியின் முன்னால் நின்றிருந்தார். இடது கையில் கிண்ணம். வலது கையால் மாவு போல எதையோ எடுத்து, கண்ணில் ஒற்றி, நீரில் தூவிக்கொண்டிருந்தார். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

கிண்ணத்தை வாங்கி முகர்ந்தேன். பொரியும் பொட்டுக்கடலையும் வெல்லமும்.

"கோயில் கொளத்துல போடுவோமே, அதுதான்" என்றார். "மீனுக்குப் பொரி போட்டா ஆயுசு கூடும். அவன் பேருக்கு வேண்டிகினேன். இதுங்களுக்கு வாயி சின்னது பாரு, முழுசா போட்டா துப்புதுங்க. அதான் மிக்சில அரைச்சேன்."

அரைக்காமல் போட்டிருந்தால் அடுத்த வாரமே வடிகட்டும் பஞ்சில் கண்டுபிடித்திருப்பேன். மாவாக இருந்ததால் பாறை இடுக்கு, மணல் அடி எங்கும் இறங்கி ஊறிப்போயிருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இது கோயில் குளமல்ல, இதற்கு வாய்க்கால் கிடையாது, போட்டது போட்டபடி இங்கேயே அழுகும், அந்தப் பவளத்தைப் பாருங்கள் என்றேன். அண்ணி பவளத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற தம்பியைப் பார்த்தார்.

கட்டிலில் படுக்கவைத்த பிறகுதான் என் கணவர் வாயைத் திறந்தார்.

"எனுக்குத் தெரியும்."

"இன்னா தெரியும்?"

"தொட்டி அழுக்கெல்லாம் நொரையா ஏறி ஒரு கப்புல சேருது பாரு, அந்தக் கப்ப மோந்து பாத்தேன். பொட்டுக்கடல வாசன. உனுக்கு மூக்கு சரியில்ல."

"தெரிஞ்சிகினேவா சும்மா இருந்தீங்க? நான் கெடந்து தேடறேன், பவளம் சாவுது..."

"அக்கா வேற இன்னா குடுக்கும் எனுக்கு?" என்றார். மூச்சு வாங்கியதால் நிறுத்தி நிறுத்திப் பேசினார். "தயிரு வேணான்ற. கடல வேணான்ற. எள்ளு வேணான்ற. கொண்டாந்தத எல்லாம் திருப்பி அனுப்புற. நீ சொல்றது சரிதான். ஆனா அதுக்குக் குடுக்க ஒரு வாயி வேணுமில்ல."

அவர் சொன்னதை நான் அன்றே புரிந்துகொண்டேன். ஆனாலும் கூடத்துத் தொட்டியில் போட விடவில்லை. திருப்பத்தூரில் கெண்டைக் குஞ்சுகள் வாங்கிவந்து, கொல்லையில் சிமெண்டுத் தொட்டியில் விட்டு, "இதுங்களுக்கு எவ்ளோ வேணாலும் போடுங்க அண்ணி" என்றேன். நல்ல ஏற்பாடு என்றே நினைத்தேன்.

அண்ணி எட்டிப் பார்த்தார். "இது கொழம்பு மீனு" என்றார். "அது அவன் வளத்த மீனு. அவன் ஆயுசுக்கு எந்த மீனுக்குப் போடறது?"

அதற்குப் பிறகு அவர் கூடத்துத் தொட்டிக்கு எதுவும் போடவில்லை. கெண்டைக்கும் போடவில்லை.

நான் பாறைகளை வெளியே எடுத்துப் பழைய பல் துலக்கியால் பாசியைத் தேய்த்தேன். மணலைக் குழாய் வைத்து உறிஞ்சினேன். நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன். ஒரேயடியாக மாற்றினால் பவளம் தாங்காது. மழைக்காலம் முடிவதற்குள் நீலம் வெளிறிவிட்டது. ஒரு காலையில் விளக்கைப் போட்டதும் பவளம் பழையபடி முழுவதும் விரிந்தது. ஓடிப்போய் அவரை எழுப்பினேன். வந்து பார்த்தார். "ம்" என்றார். நாற்காலியில் உட்காரவில்லை. படுத்துக்கொள்ள வேண்டும் என்றார்.

அடுத்த முறை வேலூரில் டாக்டர் பரிசோதனை முடிவுகளைப் பார்த்தார். இதயம் பலவீனமாகிவிட்டது என்றார். பிறகு என்னிடம், "இனிமே சாப்பாட்டுல ரொம்பக் கெடுபிடி வேண்டாம்மா. அவருக்குப் பிடிச்சதைக் குடுங்க" என்றார்.

நான் "சரிங்க" என்றேன். வெளியே வந்து மருந்துக் கடை வரிசையில் நிற்கும்போதுதான் அந்தச் சொல்லின் பொருள் எனக்குள் இறங்கியது. டாக்டர் சொன்னதை மட்டும் என் கணவரிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டார். அக்காவுக்கு அவரே போன் செய்தார். அண்ணி மறுநாள் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். தயிரைப் பிசைந்து கையில் உருட்டிக் கொடுத்தார். என் கணவர் மூன்றாவது வாய்க்கே போதும் என்று தலையசைத்தார். கடலையை மென்று விழுங்க முடியவில்லை. சாற்றை மட்டும் உறிஞ்சிவிட்டுத் துப்பினார். அவ்வளவுதான் உள்ளே போயிற்று.

பொங்கலுக்கு முன்பே போய்விட்டார்.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய மாலை, அண்ணியும் நானும் மட்டும் கூடத்தில் இருந்தோம். வந்ததிலிருந்து தொட்டிப் பக்கம் திரும்பாமலே இருந்தவர், அப்போதுதான் அதைப் பார்த்தார். பவளம் அன்று என்றைக்கும் இல்லாத அளவுக்கு விரிந்திருந்தது. அது வாடிக் கிடந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீ வேணான்னு சொன்ன. நானும் வுட்டுட்டேன்" என்றார். "வுட்டிருக்கக் கூடாது. வேண்டிகினு பாதியில வுடலாமா? நீ திட்டினா இன்னா, திருட்டுத்தனமா போட்டிருக்கணும்."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. தன்னையே அறுத்துக்கொண்டிருந்தார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இதயம் அப்படி ஆகிவிட்டது, டாக்டர் எல்லாம் சொன்னார் என்று ஆரம்பிக்க வாயெடுத்தேன். எல்லாம் உண்மைதான். எதுவும் அவரிடம் சொல்லத் தக்கதாக இல்லை.

"நீங்க போட்டதாலதான் அண்ணி அவ்ளோ நாள் இருந்தாரு" என்றேன்.

நான் இப்படிப் பேசுகிறவள் இல்லை. அது அண்ணிக்கும் தெரியும். என் முகத்தைப் பார்த்தார். உதடு கோணிக்கொண்டு வந்தது.

"இத அப்பவே சொல்லியிருந்தா" என்றார், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு புடி சேத்தில்ல போட்டிருப்பேன், பாவி."