மூன்று கறிவேப்பிலைக் கன்றுகளும் ஒரு முதல் மார்க்கும்

எழுபதுகளின் தொடக்கத்தில், போர்ட் பிளேரில் நான் பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. சுற்றுச்சூழலுக்கென்று இன்று தனிப் பட்டப்படிப்பே இருக்கிறது. அன்று அந்தச் சொல்லைக்கூட நாங்கள் கேட்டதில்லை. விலங்கியல் என்ற பெயரில், தீவில் எது எதைத் தின்கிறது, எது எங்கிருந்து வந்தது என்பதையெல்லாம் படித்தோம்.

அந்த வருடம் எங்கள் வகுப்புக்குக் கொடுத்த வேலை நத்தை எண்ணுவது. சிரிக்காதீர்கள். ஆப்பிரிக்க நத்தை என்று ஒன்று, உள்ளங்கை நீளத்துக்கு வளரும். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் ஜப்பான்காரர்கள் கொண்டுவந்து விட்டது என்று ஊரில் சொல்வார்கள். ஒரு மழை பெய்தால் போதும், மறுநாள் காலையில் கீரைப் பாத்தி மொட்டையாகக் கிடக்கும். புரோத்ராபூரில் எங்கள் பக்கத்து வீட்டு வங்காளி அம்மா "கோங்கா, கோங்கா" என்று நத்தைக்கான இந்திச் சொல்லைக் கத்திக்கொண்டு வாளியோடு கொல்லைக்கு ஓடுவார். எங்கள் அம்மா உப்பு டப்பாவோடு போவார். நான் நோட்டுப் புத்தகத்தோடு போவேன்.

பரீட்சையில் அதையே கேட்டுவிட்டார்கள். ஈர மண்ணுக்குள் கொத்துக் கொத்தாக முட்டையிடும், தானாகக் கடலைத் தாண்டாது, மனிதர்கள்தான் அறியாமல் மண்ணோடு சேர்த்து அதைத் தீவு தீவாகக் கொண்டுபோகிறார்கள் என்று மூன்று பக்கம் எழுதினேன். முதல் மார்க். பேராசிரியர் என் தாளை வகுப்பில் வாசித்துக் காட்டினார். அப்புறம் ஒரு மாதத்துக்கு என் கால் தரையில் பாவவில்லை.

அக்கா அப்போது நிக்கோபார் பக்கம் கட்சாலில் இருந்தாள். அத்தானுக்கு அங்கே ரப்பர் தோட்டத்தில் கிளார்க் வேலை. அவள் வாயும் வயிறுமாக இருந்த நேரம். "அரிசி, பருப்பு எல்லாம் வருகிறது. தாளிக்க ஒரு இணுக்கு கறிவேப்பிலை இல்லை. ரசம் வாய்க்கு வெளங்கவில்லை" என்று கடிதம் எழுதியிருந்தாள். தீபாவளி விடுமுறைக்கு நான் போவதாக ஏற்பாடு. நிக்கோபார் பக்கம் போக அனுமதிப் பாஸ் வேண்டும், அப்பா அலைந்து திரிந்து வாங்கிவிட்டார். நான் எங்கள் கறிவேப்பிலை மரத்தடியில் முளைத்திருந்த மூன்று கன்றுகளை, வேர் நோகாமல் மண்ணோடு பெயர்த்து, பாதியாக வெட்டிய மண்ணெண்ணெய் டின்களில் வைத்துக் கப்பலேறினேன். மண்ணோடு என்பதைக் கவனித்தீர்கள் அல்லவா? நான் கவனிக்கவில்லை.

கப்பலில் எனக்கு ஒரு பக்கம் ஒரு கம்பவுண்டர். கார் நிக்கோபாருக்கு மாற்றலாகிப் போகிறவர். மறுபக்கம், காய்ச்சல் தெளிந்த குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஓர் இளம்பெண். என்னைவிட நான்கைந்து வயது பெரியவராக இருப்பார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து, கட்சாலில் குடியேறி, ரப்பர் பால் வெட்டும் குடும்பம். போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் குழந்தையைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார். கணவருக்கு லீவு கிடைக்கவில்லையாம், தனியாகவே வந்திருந்தார்.

அன்று சாயங்காலம் முழுக்க நான் கம்பவுண்டருக்கு நத்தை புராணம் படித்தேன். முதல் மார்க்கை மூன்று தரம் சொன்னதாக ஞாபகம். பேச்சு சுவாரசியத்தில் ஒரு டின்னைத் தூக்கி அவரிடமே கொடுத்துவிட்டேன். அவருக்கு ரொம்ப குஷி. தாராளமாக இருப்பது எனக்கும் பிடித்திருந்தது.

மறுநாள் காலை, கார் நிக்கோபார் கண்ணுக்குத் தெரிந்துவிட்ட நேரம். அந்தப் பெண் என் செடிகளைப் பார்த்தார்.

"தம்பி, செடி வாடுதுங்களே. கொஞ்சம் தண்ணி ஊத்தட்டுங்களா?"

ஊற்றுவதற்கு முன் ஈரம் பார்க்க இரண்டு விரலை மண்ணில் நுழைத்தார். எடுத்தபோது விரல் நுனியில் மஞ்சள் கலந்த வெள்ளையாக ஐந்தாறு மணிகள், ஊறிய ஜவ்வரிசி போல.

"இது என்னாங்க தம்பி?"

"உரம்க்கா. கடையில விக்கிற உரம்" என்றேன். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

அவர் ஒன்றை நகத்தில் வைத்து நசுக்கினார். பிசுபிசுவென்று ஒழுகியது. "ஒரம் இப்படி ஒழுகுங்களா? சிலோன்ல எங்க லயத்து வீட்டுக்குப் பின்னால இத சட்டி சட்டியா பொறுக்கிப் போட்டிருக்கோம். நத்த முட்ட."

எனக்கு முகமெல்லாம் சுட்டது. மூன்று பக்கம் எழுதியவன் அந்த முட்டையைக் கண்ணால் பார்த்ததே இல்லை! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போது முதலில் தோன்றியது தீவைப் பற்றிய கவலை அல்ல. யாரும் கேட்டிருக்கக் கூடாதே என்றுதான் சுற்றிப் பார்த்தேன். நாலு முட்டைதானே, தூக்கிப் போட்டுவிட்டால் போயிற்று என்று முணுமுணுத்தேன்.

அவர் கோபப்படவில்லை. குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "அங்கிட்டு எல்லாத்தையும் விட்டுட்டு வந்தோம் தம்பி. இப்பதான் வீட்டுக்குப் பின்னால நாலு வெண்டி மொளச்சிருக்கு. எங்க பக்கம் இந்த நத்த இன்னும் வரல." கொஞ்சம் நிறுத்தி, "அந்த சார்கிட்டயும் ஒரு டின்னு இருக்குதே, அவரு எறங்கப் போறாரு" என்றார்.

கப்பல் நின்றுவிட்டது. ஆட்கள் ஏணி வழியாகப் படகில் இறங்க வரிசையில் நின்றார்கள். நடுவில் கம்பவுண்டர், கக்கத்தில் என் டின். ஓடினேன்.

"சார், அந்தச் செடிய திருப்பிக் குடுத்துடுங்க. அக்காவுக்கு மூணும் வேணுமாம்."

"அரே, குடுத்துட்டு வாபஸ் கேக்குறியே? அக்கா கட்சால்ல இருக்கு, எப்ப கேட்டுச்சு உங்கிட்ட?"

பொய் அந்த இடத்திலேயே படுத்துவிட்டது. வரிசை நகர்ந்தது. அவருக்கு முன்னால் இன்னும் இரண்டே பேர். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன்: "மண்ணுல நத்தை முட்டை இருக்கு சார். பாக்காம குடுத்துட்டேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நத்தையா? நேத்து பூரா நத்தையப் பத்தித்தானேப்பா லெக்சர் குடுத்தே?"

வரிசை மொத்தமும் சிரித்தது. ஏணியைப் பிடித்திருந்த கப்பல் ஆள், கலாசிகூடச் சிரித்தார். டின் என் கைக்கு வந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் அதை அணைத்துக்கொண்டு நடந்து வந்த தூரம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அதன் பிறகு நானும் அந்தப் பெண்ணுமாக மூன்று கன்றுகளையும் உருவி, மண்ணை ஒரு பொட்டுவிடாமல் கடலில் கொட்டினோம். கம்பவுண்டரிடமிருந்து வந்த டின்னில்தான் முட்டை அதிகம், அடியில் ஒரு கைப்பிடி இருந்தது. வேரைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டுமே. கப்பலில் குழாயை அதற்குள் மூடிவிட்டார்கள், இனி மாலையில்தான் திறப்பார்கள். அவர் குழந்தைக்காகப் பிடித்து வைத்திருந்த தண்ணீரில் பாதியை ஊற்றினார். நான் வேண்டாம் என்றேன். "புள்ளைக்கு இருக்குதுங்க, நீங்க வேரப் புடிங்க" என்றார். மயிர் வேர்களுக்கு நடுவில்கூட அவர் விரல் போய்வந்தது. பிறகு என் துண்டைக் கிழித்து ஈரத்தோடு சுற்றிக் கொடுத்தார்.

கட்சாலில் அக்கா அந்த மூன்று குச்சிகளையும் பார்த்து, "இதுக்காடா இவ்ளோ தூரம் தூக்கிட்டு வந்தே?" என்றாள். இரண்டு பட்டுப்போயின. ஒன்று பிழைத்தது.

இரண்டு வருடம் கழித்து, பட்டம் வாங்கிய கையோடு மறுபடி போனேன். அதற்குள் செடி இடுப்புயரம் வந்து, சுற்றிலும் குட்டி விட்டிருந்தது. அதில் ஒன்றைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வீடு தேடிப் போனேன். பின்னால் வெண்டை நன்றாகக் காய்த்திருந்தது. அவர் சிரித்தபடியே கன்றை வாங்கி, உட்கார்ந்து, என் கண் முன்னாலேயே இரண்டு விரலை மண்ணுக்குள் விட்டுத் துழாவினார்.

"இது இந்த ஊர் மண்ணுதான்க்கா" என்றேன்.

"தெரியுங்க. இருந்தாலும் குடுக்கிறவரு படிச்சவராச்சே!"

வேலை பார்த்து ஓய்வும் பெற்றாயிற்று. இன்றும் யார் செடி கொடுத்தாலும் நன்றி சொல்வதற்கு முன் என் விரல் மண்ணுக்குள் போய்விடுகிறது, அந்த மூன்று பக்க விடையை நான் உண்மையில் படித்தது அந்தப் பெண் தன் குழந்தையின் தண்ணீரில் பாதியை ஊற்றிய அந்தக் காலையில்தான் என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.