பிச்சை கேட்டு வாங்கிய லேஸ்

என் இரண்டு குழந்தைகளையும் என் ஊசிதான் கொன்றது என்பது என் மாமியாரின் தீர்மானம். டாக்டர் ஏதேதோ காரணம் சொன்னார். அவர் அதை இங்கிலீஷில் சொன்னதால் எங்கள் வீட்டில் அது செல்லுபடியாகவில்லை. பிறக்காத குழந்தைக்கு நான் புது மல் துணி எடுத்து ஆறு சட்டை தைத்து வைத்தேனாம், அந்தச் சேதி யமன் காதுக்குப் போயிற்றாம், அவன் கிளம்பி வந்துவிட்டானாம். முதல் பிள்ளை பத்தொன்பது நாள் இருந்தான். அடுத்தது பெண், இரண்டு மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது போய்விட்டாள். ஆறு சட்டையையும் மாமியார் ஒரு மூட்டையாகக் கட்டி ஆற்றில் விட்டார். திருவனந்தபுரத்துக் கரமனையில் எங்கள் தெருவின் இரண்டு வரிசையிலும் இதைத் தப்பென்று சொல்ல ஒரு ஆள் கிடையாது.

என் கணவர் சொல்லியிருக்கலாம். பி.ஏ. படித்தவர், சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா, அங்கே பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறவர். வீட்டில் அம்மா வாயைத் திறந்தால் மட்டும் அவருக்குக் கொல்லையில் அவசர வேலை வந்துவிடும். அந்தக் கொல்லையில் இருந்தது ஒரு கிணறும் இரண்டு வாழையும்.

மூன்றாவது தடவை உண்டானபோது எனக்கு இருபத்து மூன்று வயது. மாமியார் என்னை நிற்கவைத்துச் சட்டம் போட்டார்.

"இந்தத் தடவை புதுசா ஒரு இழை இந்த ஆத்துக்குள்ள வரப்பிடாதாக்கும். கொழந்தைக்கு எல்லாம் பிச்சைத் துணி. பெத்ததெல்லாம் நெலச்ச ஆத்துக்காப் பாத்து நீயே போய் மடியேந்திப் பழந்துணி வாங்கிண்டு வா. ஊசியைத் தொட்டயோ, கையை ஒடிச்சுடுவேன், கேட்டயா?"

பிள்ளை தங்காத வீடுகளில் இப்படிச் செய்வது வழக்கம்தான். கிழிசலைச் சுற்றிக்கொண்டு கிடக்கும் குழந்தையைப் பார்த்து, இது ஏதோ பிச்சைக்காரக் குழந்தை, நமக்கு வேண்டாம் என்று யமன் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட வேண்டும். உலகத்து உயிரையெல்லாம் எடுக்கிற ஆசாமி ஒரு கந்தலைப் பார்த்து ஏமாறுவான் என்றால், அவனுக்கு இந்த உத்தியோகத்தை யார் கொடுத்தது என்று கேட்டேன். மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என்னையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். போட்டுக்கொண்டேன். வாய் இப்படிப் பேசினாலும் வயிற்றில் எனக்குப் பயம் இருந்தது. இந்தக் குழந்தையும் போய்விட்டால் நானும் அதே ஆற்றில் இறங்கிவிடுவேன் என்று நினைத்திருந்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

எட்டாம் மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு பிச்சைக்குக் கிளம்பினேன். தெருக்கோடியில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு கனபாடிகள் இருந்தார். அவர் வீட்டில் பழைய வேஷ்டி ஒன்று கொடுத்தார்கள். துவைத்துத் துவைத்து வெண்ணெயாகிவிட்ட துணி. மற்ற வீடுகளில் விழுந்ததைப் பற்றிப் பேசாமலிருப்பதே மரியாதை. ஒருத்தி அடுப்படித் துணியைக் கொண்டுவந்து போட்டாள், அதில் பருப்பு காய்ந்திருந்தது. பிச்சைதான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக என் குழந்தை பாத்திரம் தேய்க்கிற துணியிலா கிடக்கும்?

அப்போதுதான் அவள் ஞாபகம் வந்தது. என்னோடு பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். நாகர்கோவில் பக்கத்து வேதக்காரப் பெண், கிறிஸ்தவள். கணவர் மராமத்து ஆபீசில் கட்டிடப் படம் வரைகிறவர், வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம். எனக்கும் அவளுக்கும் கணக்கு வராது, தையல் வரும். அவளுக்கு மூன்று குழந்தைகள். மூன்றும் கொழுக் மொழுக்கென்று மதில்மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

அவள் வீட்டு முற்றத்தில் போய் நின்று முந்தானையை விரித்துப் பிடித்து, "பிச்சை போடுடீ," என்றேன்.

"எம்மா, ஒனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா?" என்றாள்.

விஷயத்தைச் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "பழந்துணி எடுக்க எங்க வீடுதான் கெடச்சுதா ஒனக்கு? ஒங்க சாமிக்கு நல்ல துணியே கண்ணுக்குப் பிடிக்காதோ?" என்று நன்றாகத் திட்டினாள். பிறகு என் வயிற்றைப் பார்த்தாள். உள்ளே போனாள். தகரப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது அவள் கையில் பாச்சை உருண்டை வாசனையோடு ஒரு வெள்ளைச் சட்டை இருந்தது.

துணியைப் பூச்சி அரித்திருந்தது. லேஸில் மட்டும் ஒரு இழை விடவில்லை. கழுத்தில், கையில், கீழ் விளிம்பில் மூன்று விரல் அகலத்துக்குச் சின்னச் சின்னப் பெரணி இலைகளாக ஓடியது. அவர்கள் ஊரில் பெண்கள் மடியில் தலையணையை வைத்து, ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய மரக்குச்சிகளை அப்படியும் இப்படியும் புரட்டிப் பின்னுகிற லேஸ்.

"எங்கம்மைக்கு ஞானஸ்நானம் குடுக்கதுக்குப் பின்னுனது. பாதிய என் மூணு பிள்ளைகளுக்கச் சட்டையில வச்சுத் தச்சேன். அத நான் தர மாட்டேன், கேட்டியா? அது அதுகளுக்கப் பிள்ளைகளுக்கு. மீதிதான் இது. நாலாவதுக்க."

"உனக்கு மூணுதானேடீ?"

"நாலு. ஊர்ல வச்சுப் பெத்தேன். ஞானஸ்நானம் குடுத்த மறுநாளே, இதப் போட்டபடியே போயிட்டான். ஒரே ஒரு நாள் போட்டது. பாரு, ஒரு கறை கெடயாது. ஒனக்கு வேணுமா, வேண்டாமா?"

பெற்றதெல்லாம் நிலைத்த வீட்டுத் துணி வேண்டும் என்றுதான் மாமியார் அனுப்பினார். இதுவோ நேர் எதிர். செத்த குழந்தையின் சட்டை! வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்க வேண்டும். என் ஆறு சட்டையும் ஆற்றோடு போனது நினைவுக்கு வந்தது. அதில் ஒன்றையாவது யாராவது தா என்று கேட்டிருந்தால் நான் அவர்கள் காலில் விழுந்திருப்பேன். இவள் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த லேஸைக் கண்டதும் என் விரல்கள் அரித்தன என்பதையும் மறைக்க மாட்டேன்.

"போடு," என்றேன். போட்டாள்.

"கொழந்த வளந்ததும் திருப்பித் தந்திரணும். அழுக்காக்காம கொண்டு வா. அவனுக்கதுன்னு எனக்கு வேற ஒண்ணும் இல்ல."

வீட்டில் பொய் சொன்னேன். "மூணு கொழந்தைகள், மூணும் குண்டுக் கல்லாட்டமா இருக்கு. ஒண்ணுகூடப் போகலே," என்றேன். வேதக்காரர் வீட்டுத் துணி என்றதும் மாமியார் ஒரு நிமிஷம் தயங்கினார். குச்சியால் தூக்கிக் கிணற்றடியில் மூன்று தடவை முக்கி எடுத்தார். அப்புறம் அவருக்கே ஒரு யோசனை வந்து முகம் மலர்ந்தது. "நன்னாப் போச்சு. வேதக்காராத்துச் சட்டைன்னா அவனுக்கு அடையாளமே தெரியாது," என்றார்.

தைக்கக் கூடாது என்றுதானே உத்தரவு, பிரிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பிரசவம் வரைக்கும் உட்கார்ந்து, அரித்துப்போன துணியிலிருந்து ஒவ்வொரு தையலாகப் பிரித்து லேஸை உருவி எடுத்தேன். அவள் தையல் அவ்வளவு பொடி. பிரிக்கும்போது அடிக்கடி நிறுத்திவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தேன்.

ஆண் குழந்தை பிறந்தது. பத்து நாள் தீட்டு. பின்கட்டு அறையில் பாயோடு என்னைத் தள்ளிவிட்டார்கள். சாப்பாடு வாசற்படியில் வரும், யாரும் உள்ளே காலெடுத்து வைக்க மாட்டார்கள். சாஸ்திரம் பெண்களுக்குச் செய்த ஒரே நல்ல காரியம் இந்தத் தீட்டு என்பது என் அபிப்பிராயம். மூன்றாம் நாள் பாய்க்கடியிலிருந்து ஊசியை எடுத்தேன்.

புது இழை வரக் கூடாது அல்லவா? கனபாடிகள் வேஷ்டியில் ஒரு சட்டை கத்தரித்து, அதிலிருந்தே நூலையும் உருவினேன். துணியின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே எச்சில் தொட்டுச் சுருட்டி, அந்தச் சுருளோடு லேஸின் விளிம்பைச் சேர்த்துப் பொடித் தையலாகப் பிடித்துக்கொண்டு போனேன். லேஸின் மேல்விளிம்பில் ஒரு நூல் தனியாக ஓடும். அதை மெல்ல இழுத்தால் கழுத்துக்குத் தானாகச் சுருக்கம் விழும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்து தொலையும். நான் சுபாவத்தில் அவசரக்காரி, அந்த அறையில் மட்டும் அவசரப்படவில்லை.

ஐந்தாம் நாள் மாமியார் பார்த்துவிட்டார். "என்னடீ பண்றே அங்கே?"

"பிச்சைத் துணியை ஒட்டுப் போடறேன்."

"ஊசியைக் கீழே போடுடீ!"

"வந்து பிடுங்கிக்கோங்கோ."

வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்று குதித்தார். குளித்துவிட்டுத் தீட்டுப் படாமல் மடியாக இருக்கிறவர் எப்படி உள்ளே வருவார்? தன் பிள்ளையைக் கூப்பிட்டார். பிள்ளைக்குக் கொல்லையில் வேலை இருந்தது.

பதினோராம் நாள் குழந்தைக்குச் சட்டை போட்டோம். வந்தவர்களெல்லாம் வாயைப் பிளந்தார்கள். பிச்சைத் துணி என்றால் நம்பவில்லை, திவான் வீட்டுக் குழந்தை மாதிரி இருக்கிறதே என்றார்கள். இது மாமியாருக்கு ஆகவில்லை. அடுப்புக்கரியை விரலில் எடுத்து வந்து, நான் தடுப்பதற்குள், நெஞ்சில் இறங்கிய கழுத்து லேஸில் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார். "இப்போ சரியாச்சு," என்றார். நான் போட்ட கூச்சலில் குழந்தை விழித்துக்கொண்டு அழுதது.

அப்புறம் எதைக் காப்பாற்றுவது? விளக்கெண்ணெய் வடிந்தது, வசம்பு ஒட்டியது, பால் கக்கினான். துவைத்துக் கரியடுப்பு மேல் கூடையைக் கவிழ்த்துக் காயப்போட்டு, மறுபடியும் அதையே போட்டோம். இரண்டு மாதம் முடிந்தது. அந்த நாள் தாண்டியதும் மாமியாரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் நடமாடினோம்.

கர்க்கடக மழையில், அதாவது ஆடியில், அவனுக்குக் காய்ச்சல் கண்டது. நெஞ்சுக்குள் பூனை கத்துவதுபோல் சத்தம். டாக்டர் மிக்ஸ்சர் கொடுத்துவிட்டு, இங்கிலீஷில் எதையோ சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் மத்தியானம் குழந்தை பாலைக் குடிக்காமல் கண்ணைச் செருகினான். இந்தப் பார்வையை நான் இரண்டு தடவை பார்த்தவள். சட்டையை அவன் மேலிருந்து உருவி மூலையில் எறிந்தேன்.

"அம்மா, நான் பொய் சொல்லிட்டேன். இந்த லேஸ் செத்த கொழந்தையோட சட்டையில இருந்தது. அவளோட நாலாவது. நானே எமனைக் கூட்டிண்டு வந்துட்டேன்," என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

மாமியார் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் எழுந்து போய்ச் சட்டையை எடுத்தார், உதறினார்.

"அவன் வந்து கொண்டுபோறச்சே அந்தக் கொழந்தை இதையா போட்டுண்டிருந்தது?"

"ஆமாம்."

"அப்போ ஏண்டீ அழறே? இந்த லேஸை அவனுக்குத் தெரியும். எட்டிப் பார்த்தான்னா, இது நாம ஏற்கெனவே கொண்டுபோனதாச்சே, ரெண்டாந்தரம் எதுக்கு வந்தோம்னு திரும்பிப் போயிடுவான். மிண்டாதே, வாயை மூடிக்கோ. போடுடீ சட்டையை, கொழந்தைக்கு நெஞ்சு குளிர்றது."

சொல்லிவிட்டு அவரே போட ஆரம்பித்தார். கழுத்து நாடாவை முடிச்சுப் போட அவரால் முடியவில்லை. நான் போட்டேன்.

நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. தன் மிக்ஸ்சர் என்றார் டாக்டர். தன் யுக்தி என்றார் மாமியார். என் கணவர் கொல்லையிலிருந்து வந்து, எல்லாம் ஈசுவர கிருபை என்றார்.

தை மாதத்துக்குள் சட்டை அவனுக்கு அக்குளில் பிடித்தது. லேஸைக் காப்பாற்ற நான் செய்யாததில்லை. எலுமிச்சம்பழம் தேய்த்தேன், பூந்திக்கொட்டையில் ஊறவைத்தேன், வெயிலில் போட்டேன். கறை அசையவில்லை. அழுக்காக்காமல் கொண்டு வா என்றவளிடம் எந்த முகத்தோடு போவது? குழந்தையை ஒரு இடுப்பிலும் சட்டைப் பொட்டலத்தை மறு கையிலுமாக, திட்டு வாங்கத் தயாராகப் பாலத்தைக் கடந்தேன்.

அவள் குழந்தையை வாங்கி மடியில் உட்கார்த்திக்கொண்டு, பக்கத்தில் சட்டையை விரித்தாள். ஒவ்வொரு கறையாக விரலால் தொட்டுக் கேட்டாள்.

"இது என்ன?"

"விளக்கெண்ணெய்."

"இது?"

"பால் கக்கினது."

"நெஞ்சுல இந்தக் கறுப்பு?"

"எங்க மாமியார்." அதற்கு மேல் விளக்கவில்லை. "எத்தனையோ தடவை துவைச்சேன்டீ. போகலே."

"நல்லாப் பாழாக்கியிருக்க," என்றாள். விரல் அந்தக் கரியையே தடவிக்கொண்டிருந்தது. சட்டையை எடுத்து மூக்கில் வைத்து மூச்சை இழுத்தாள். "இதுல இவ்வளவு நாளும் பாச்சை உருண்டை நாத்தந்தான் அடிச்சுது, கேட்டியா? இப்பந்தான் பிள்ள மணம்" என்று சொல்லிச் சிரிக்கப் போனவள் அழுதாள். நானும் அழுதேன்.

அவள் மடியில் போட்டுக்கொண்ட சட்டைமேல் அந்த நேரம் பார்த்து என் பிள்ளை ஒன்றுக்குப் போனான். பெரணி இலை ஒன்று மீதியில்லாமல் நனைந்தது. ஐயோ என்று நான் பாய்ந்து அவனைத் தூக்கப் போனேன்.

"விடுடீ, போகட்டும்," என்று என் கையைத் தட்டிவிட்டாள். அவன் முடிக்கும் வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு சட்டையைத் துவைக்காமல் அப்படியே கொண்டுபோய்க் கொடியில் போட்டாள்.