கல்லெறிந்து விரட்டிய குருவியைக் கண்ணாடி வைத்துப் பார்த்த நாள்

திருவேங்கடம் பக்கத்துச் சோளக்காடுகளில் பரண் மேல் உட்கார்ந்து, கவணும் தகரமுமாகக் குருவி விரட்டியவன் நான். முப்பது வருஷத்துக்கு மேல் அதுதான் தை, மாசி மாதத்து வேலை. தென்காசியில் ஆட்கள் தலைக்கு நூற்றைம்பது ரூபாய் கொடுத்துப் பறவை பார்க்கப் போகிறார்கள் என்று மருமகள் சொன்னதும், அப்படி அதில் என்னதான் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது. மாசி இரண்டாம் ஞாயிறுக்குப் பேர் கொடுக்கச் சொன்னேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் தன் வலைப்பக்கத்தில் இதை ஏற்றுகிறாள்.

சனிக்கிழமை மதியம் கிளம்பினேன். திருவேங்கடத்திலிருந்து சங்கரன்கோவில், அங்கே பஸ் மாறித் தென்காசி. இரண்டுக்கும் சேர்த்து ஐம்பது ரூபாய், இரண்டரை மணி நேரம். குத்துக்கல்வலசையில் மகன் வீட்டில் தங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குத் தென்காசி பழைய பேருந்து நிலையத்தில் வேன் நின்றது. மூன்று குடும்பங்கள், மருமகள், நான், எல்லாரையும் சேர்த்துப் பதினான்கு பேர். கூட்டிப் போனவர் சங்கரி டீச்சர். ஆறு கிலோமீட்டரில் குற்றாலம். அதைத் தாண்டி ஐந்தருவி ரோட்டில் ஆறரைக்கு இறங்கினோம். மாசியில் அருவியில் பேருக்குத்தான் தண்ணீர். ஆனால் கூட்டமில்லாததால் பறவைச் சத்தம் நன்றாகக் கேட்கிறது. செம்மீசைச் சின்னான் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. இலைக்குள்ளிருந்து குக்குறுவான் விடாமல் கத்தியது. ஆள் கண்ணில் படவில்லை. டீச்சர் அதையும் பட்டியலில் சேர்த்தார்.

"காதுல கேட்டதும் கணக்கா டீச்சர்?" என்றேன்.

"கணக்குத்தான் தாத்தா."

இது எனக்குப் பிடித்திருந்தது.

வேனில் எனக்குப் பக்கத்தில் கோமதி என்று எட்டு வயதுப் பிள்ளையும் அவள் அப்பா வேல்முருகனும். அவர் பட்டாளத்துக்காரர். ராஜஸ்தானில் வேலை.

"தாத்தா, எங்கப்பா இருக்கிற இடத்துக்குப் புரட்டாசியில ஒரு குருவி கூட்டம் கூட்டமா வருதாம். வீடியோ அனுப்புனாங்க. அங்கன இருந்து நம்ம ஊருக்குத்தான் வருதாம்" என்றாள் கோமதி.

வேல்முருகன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போன லீவு வைகாசியில கெடச்சுது. அப்ப பேருக்குக்கூட ஒண்ணு இல்ல. பொய் சொல்லுதீயன்னு ஒரு வாரம் எங்கூடப் பேசல. இன்னைக்குச் சாயங்காலம் எனக்கு ரயிலு. இப்ப காட்டலேன்னா அவ்வளவுதான்."

டீச்சர் அதற்குச் சூறைக்குருவி என்று பெயர் சொன்னார். படத்தைக் காட்டியதும் எனக்கு விளங்கிவிட்டது. நாங்கள் சோளக்குருவி என்போம்.

குற்றாலத்திலேயே இட்லி, வடை முடித்துக்கொண்டு, தென்காசி வழியாகச் சுந்தரபாண்டியபுரம் போனோம். பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். எட்டே முக்காலுக்குக் குளத்தங்கரையில் உட்கார்ந்தாயிற்று. கீழே கதிர் முற்றிய சோளக்காடு. பேசாமல், அசையாமல் இருக்கச் சொன்னார் டீச்சர். இருபது நிமிஷம் அப்படியே இருந்தோம். நாலு வயதுப் பிள்ளைகூட இருந்தது.

மேற்கே ஈர வேட்டியை உதறியதுபோல் ஒரு கூட்டம் தெரிந்தது. மடங்கி, விரிந்து, நேரே சோளத்துக்கு இறங்கியது. கோமதி டீச்சர் கொடுத்த பைனாகுலர் கண்ணாடியை இன்னும் கண்ணில் வைக்கவில்லை.

நான் எழுந்தது எனக்கே தெரியாது. "ஏய்... ஹோய்... ஹோஓஓய்!" என்று அடிவயிற்றிலிருந்து கத்திவிட்டேன். கை தானாக ஒரு மண்கட்டியை எடுத்து எறிந்தும்விட்டது. கூட்டம் மொத்தமும் எழும்பிக் கிழக்கே போய்விட்டது.

வேன் டிரைவர்தான் முதலில் பேசினார்: "ஒத்தச் சத்தத்துல பதினாலு பேரு காசும் பறந்துட்டே தாத்தா!"

"மாமா, என்ன இப்படிப் பண்ணிட்டீய?" என்று மருமகள் தலையில் கை வைத்தாள். கோமதி அழவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். வேல்முருகன் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரைக்கு வேன் தென்காசியில் இருக்க வேண்டும்.

ஒரு விஷயம் எனக்குத் தெரியும். விரட்டுப்பட்ட கூட்டம் உடனே அடுத்த காட்டில் இறங்காது. பயம் தெளியும்வரை பூத்த மரமாகப் பார்த்து உட்காரும். குருவி இறங்குகிற வெள்ளாமையைத்தான் அந்தக் காலத்தில் பார்ப்போம், மரத்தைப் பார்க்க மாட்டோம். மரத்தில் இருந்தால் நமக்கு நஷ்டமில்லையே. குளத்தடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாளிடம் கேட்டேன்.

"தாயி, கெழக்க இலவமரம் எதுவும் பூத்து நிக்கா?"

"கெணத்தடியில ஒண்ணு நிக்கு. பொடிநடையா போனா பத்து நிமிசம். அங்கன போயும் இப்படிச் சத்தம் போடப்போறீயளா?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கோமதி மட்டும் சிரிக்கவில்லை.

வரப்பு வழியே முக்கால் கிலோமீட்டர் நடந்தோம். மரம் தெரிவதற்கு முன்பே இரைச்சல் கேட்டது. இலையே இல்லாத மரத்தில், சிவப்புப் பூவுக்குப் பூ தலையைவிட்டுத் தேன் குடித்துக்கொண்டிருந்தன. கோமதி திரும்பி என்னை முறைத்தாள்.

"தாத்தா, வாயைப் பொத்திக்கிடுங்க. கல்லு எடுக்காதீங்க. கையக் கட்டிக்கிடுங்க."

"வாயப் பொத்தணும்னா கையி வேணுமே தாயி?"

"அப்ப ஒரு கையி!"

ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அவள் கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு அதைக் கீழே இறக்காமலே, "அப்பா, வீடியோல உள்ளதேதான்" என்றாள். வேல்முருகன் மரத்தைப் பார்க்கவே இல்லை.

கடைசியில் என்னிடமும் கண்ணாடியைத் தந்தார்கள். உடம்பு வெங்காயத்தோல் நிறம். தலையும் இறக்கையும் கறுப்பு. இது தெரிந்ததுதான். ஆனால் அதற்குப் பின்தலையில் ஒரு கொண்டை இருக்கிறது! முப்பது வருஷம் கல்லெறிந்தவனுக்கு அன்றுதான் தெரிந்தது. இதற்குத்தான் ஆட்கள் வருகிறார்கள்போல.

போக நினைப்பவர்களுக்குச் சில சொல்கிறேன். சூறைக்குருவிக்குத் தை, மாசிதான் காலம். வெள்ளைச் சட்டை வேண்டாம். தண்ணீர், தொப்பி கட்டாயம். கண்ணாடி இல்லாவிட்டால் கவலையில்லை, டீச்சர் நாலு கொண்டுவருகிறார், மாற்றி மாற்றிப் பார்க்கலாம். பிள்ளைகளைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள், அவர்கள் சும்மா இருப்பார்கள். என்னைப்போல் விவசாய வேலை பார்த்த பெரியவர்கள் வந்தால் நடுவில் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

வேன் ஏறும்போது கோமதி டீச்சரிடம் அந்தக் குருவி எப்போது வடக்கே திரும்பிப் போகும் என்று கேட்டாள். பங்குனிக் கடைசி, மிஞ்சினால் சித்திரை என்றார் டீச்சர். உடனே என்னிடம் வந்தாள்.

"தாத்தா, உங்க ஊரைவிட்டு அது கெளம்புத அன்னைக்கு எனக்குப் போன் போடணும். மேல பாத்துக்கிட்டே இருங்கன்னு நான் அப்பாட்டச் சொல்லணும்."

எண் படிக்கத் தெரியாதென்பதால், மருமகள் என் போனில் அவர்கள் வீட்டு எண்ணுக்கு ஒரு குருவிப் படம் போட்டுத் தந்திருக்கிறாள். இன்று பங்குனி பதினெட்டு. காலையில் காட்டுப்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இன்னும் கிளம்பவில்லை.