ஆர்ட் சில்க் பாக்கியநாதன்

திருச்சியில் ஒரு தனியார் கல்லூரியில் ஓவியம் கற்பிக்கும் பாக்கியநாதன் பென்சிலை பிளேடால்தான் சீவுவார். ஷார்ப்னரைக் கண்டாலே முகம் சுருங்கும். சத்திரம் பேருந்து நிலையத்தில் நிற்கும்போதும் எதிரில் நிற்பவரின் மூக்கை மனத்துக்குள் வரைந்துகொண்டிருப்பார். என்ன முறைக்கிறீங்க என்று மூக்குக்காரர்கள் சண்டைக்கு வந்ததுண்டு.

அவருக்கு உயிர், இரண்டாம் மாடியில் இருந்த ஓவியக் கூடம். வடக்குப் பார்த்த ஜன்னல்கள். வெயில் விழாது, வெளிச்சம் மட்டும் வரும்.

2023இல் கல்லூரியில் வடிவமைப்புப் படிப்பும் வந்தது. அதை நடத்த, அகமதாபாத்தில் படித்த ஸ்ரீரங்கத்து ஜாஹ்னவி வந்தார். சேரும்போதே மாணவர்கள் ‘ஆர்ட்’, ‘டிசைன்’ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

“எந்தப் பக்கம் நிறையப் பேர் சேர்றாளோ, கூடம் அவாளுக்கு” என்றார் முதல்வர் தேசிகன். “டிசைன்னா கம்ப்யூட்டர் வரும். ஜன்னலை அடைச்சு ஏ.சி. போட்டுடலாம்.”



சேர்க்கையின் முதல் நாளன்று வராந்தாவில் இரண்டு மேஜைகள், இரண்டு பலகைகள். வந்தவர்கள் ‘ஆர்ட்’ என்பதைப் படித்தார்கள், பாக்கியநாதனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள், அடுத்த மேஜைக்குப் போனார்கள். நின்று பேசியவர் ஒரே ஒருவர். அவரும் பாத்ரூம் எங்கே என்று கேட்டார்.

“டிசைன்ல அப்படி என்னதாம்மா சொல்லித் தருவீங்க?” என்றார் பாக்கியநாதன்.

“எதிர்ல இருக்கறவருக்கு என்ன வேணும்னு கேட்டுண்டு செய்யறது சார்” என்றார் ஜாஹ்னவி.

“நாங்க யாரையும் கேக்க மாட்டோம்.”

“அதான் யாரும் வரலை.”

பிற்பகலில் முஜிபுர் ரஹ்மான் வந்தார். மலைக்கோட்டைக்குக் கீழே சேலைக்கடை வைத்திருப்பவர். மகள் அல்ஷிஃபா நேராக பாக்கியநாதனிடம் வந்தாள். தகப்பனார் கையைப் பிடித்து இழுத்தார்.

“அத்தா, எனக்கு வரையத்தான் பிடிக்கும்.”

“வரைம்மா, யாரு வேணாங்குறா? ஆர்ட்டு மட்டும் வேணாம்.”

“ஏன் பாய், ஆர்ட்டுக்கு என்ன குறைச்சல்?” என்றார் பாக்கியநாதன்.

“கோவிச்சுக்காதீங்க சார். கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வர்றவங்ககிட்ட ஆர்ட் சில்க்கை எடுத்துப் போட்டா என்ன சொல்வாங்க? இது ஆர்ட்டு, ஒரிஜினலைக் காட்டுங்கன்னுதானே? இம்புட்டு ஃபீஸைக் கட்டி எம்மவளை டூப்ளிகேட்ல சேக்கவா?”

“நானும் அப்படித்தாங்க நெனச்சேன்” என்றார், மகனைச் சேர்க்கப் பின்னால் நின்ற உப்பிலியபுரம் ராசப்பன்.

‘ஆர்ட்டிஃபிஷியல்’ என்பதைச் சுருக்கி, செயற்கைப் பட்டுக்குக் கடைக்காரர்கள் வைத்த பெயர் தன் தலையில் விடிந்திருப்பது பாக்கியநாதனுக்கு அப்போதுதான் புரிந்தது. வீட்டில் மனைவி லூர்துராணியிடம் சொல்லிப் புலம்பினார்.

“அந்த பாய் சொன்னதுல என்ன தப்பு? நம்ம நிச்சயத்துக்கு உங்க வீட்ல எடுத்துட்டு வந்தது ஆர்ட் சில்க்தானே? எங்கம்மா தொட்டுப் பாத்தே சொல்லிட்டாங்க” என்றார் லூர்துராணி.

மறுநாள் காலை பழைய பலகை போய், அவர் கையாலேயே எழுதிய புதுப்பலகை வந்தது: ‘அசல் ஓவியம்’.

கூட்டம் அப்படியே இந்தப் பக்கம் சாய்ந்தது. முஜிபுர் ரஹ்மான் மகளுடன் முதல் ஆளாக நின்றார். நேற்று டிசைனில் சேர்ந்தவர்களின் பெற்றோரும் ஓடிவந்தார்கள். “இது அசல்னா, நாங்க பணம் கட்டினது என்ன?” என்று ஜாஹ்னவியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

ஜாஹ்னவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “ஏன் சார், இப்ப நான் ஆர்ட் சில்க்கா?”

அதற்குள் முதல்வர் வந்துவிட்டார். “ரெண்டு பேருமா சேர்ந்து படிப்பையே போலின்னு ஊருக்குச் சொல்றேளா? இன்னும் அரை மணியிலே ஒரே பலகை இருக்கணும். இல்லேன்னா கூடம் காமர்ஸுக்கு. அவா ரெண்டு வருஷமா கேட்டுண்டிருக்கா!”

காமர்ஸ் என்றதும் இருவரும் ஒரே மேஜைக்கு வந்தார்கள். பாக்கியநாதன் தூரிகையை எடுத்து, ‘ஓவியமும் வடிவமைப்பும்’ என்று சுழித்துச் சுழித்து எழுதினார்.

“அழகா இருக்கு சார். ஆனா படிக்க முடியலை.”

“அது என் கைம்மா. கலை.”

“பத்தடி தள்ளி நின்னு நீங்களே படிங்கோ.”

தள்ளி நின்று பார்த்தார். ‘வடிவமைப்பும்’ என்பது வடையும் அப்பமும்போல் தெரிந்தது. வந்து துடைத்தார். ஜாஹ்னவி அளவுகோலால் இடைவெளி குறித்துக் கொடுக்க, திரும்ப எழுதினார்.

முஜிபுர் ரஹ்மான் வராந்தாக் கடைசியிலிருந்து உரக்கப் படித்துக் காட்டினார். “இப்ப சரி சார். சேலைன்னா உடல் நீங்க, பார்டர் மேடம்.”

“பார்டர் பாத்துதானே பாய் சேலை எடுப்பா?” என்றார் ஜாஹ்னவி.

“ஆமா, கட்டிக்கிறது உடலைத்தான்” என்றார் பாக்கியநாதன் விடாமல்.

முடிவில் எல்லா மாணவருக்கும் காலையில் ஓவியக் கூடம், மாலையில் கீழ்த்தளத்தில் கம்ப்யூட்டர் என்று ஆயிற்று. ஜன்னல்கள் பிழைத்தன. மாணவர்கள் அவருக்கு ‘ஆர்ட் சில்க்’ என்று பெயர் வைத்திருப்பது அவர் காதுக்கும் வந்திருக்கிறது, வராததுபோல் இருக்கிறார்.

முதல் நாள் வகுப்பில் அல்ஷிஃபா பையிலிருந்து ஷார்ப்னரை எடுத்தாள்.

“அது டூப்ளிகேட்டும்மா” என்று பிளேடை நீட்டினார் பாக்கியநாதன்.