ஞாயிற்றுக்கிழமை டோக்கன்

பதினைந்து வருடம் படகுச் சங்கத்தில் கடலுக்குப் போகிறவர்களுக்குக் கையால் டோக்கன் எழுதிக் கொடுத்தவள் விஜிலா. அதனாலேயே, டோக்கன் போடும் புதிய இணையதளத்தைச் சோதித்துப் பார்க்க அவளைக் கம்பெனியில் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் காலை அது இருநூறு படகுக்காரர்கள் கைக்குப் போகிறது. அதற்குள் அவள் சரியென்று சொல்லியாக வேண்டும்.

"டெஸ்ட் டேட்டாபேஸ்ல உங்களுக்கு லாகின் போட்டாச்சுக்கா. அசல்ல ஒண்ணும் படாது. இஷ்டத்துக்கு அடிச்சுப் பாருங்க," என்றான் புரோகிராம் எழுதிய சிவப்பிரகாஷ்.

விஜிலா வாய்ச்சொல்லை நம்புகிறவள் இல்லை. தன் கணவர் ரோச்சின் படகைத் தேடியெடுத்து, ஞாயிற்றுக்கிழமைக்கு டோக்கன் போட்டாள். தப்பித்தவறி அசலில் விழுந்தாலும் வீட்டோடு போகும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை இருப்பதால் இந்தக் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை.

ஒரே நிமிடத்தில் ரோச் கூப்பிட்டார். "ஏளா, ஞாயித்துக்கிழம நம்ம போட்டுக்கு டோக்கன்னு மெசேஜ் வந்திருக்கு. அப்ப பூசைக்கு எவன் போவான்?"

விஜிலா சொன்னதும் சிவப்பிரகாஷ் ஓடிவந்து பார்த்தான். இணைப்பு அசல் டேட்டாபேஸுக்கே போயிருந்தது. அந்த டோக்கனை அழித்தான்; இணைப்பை மாற்றினான்; அவளுடைய லாகின் அசலைத் தொடவே முடியாதபடி பூட்டினான்.

மறுபடியும் அதே படகு, அதே ஞாயிறு. பத்து நிமிடம் கழித்துப் போன் அடித்தது. ரோச்தான். சிவப்பிரகாஷ் தலையில் கை வைத்தான்.

"அப்புறம் மெசேஜ் ஒண்ணும் வரலியேளா. டோக்கன் உண்டா, இல்லியா?"

"இல்லங்க. நீங்க பூசைக்கே போங்க," என்று விஜிலா விழுந்து விழுந்து சிரித்தாள்.